தலைவர் ஜிங்கின் மருந்துச் சக்கை

எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது நாற்சந்தியில்தான் கிடக்கும். காய்ச்சி வடித்த மருந்தின் சக்கையை இங்கே யாரும் வீட்டுக் குப்பையில் போடுவதில்லை. நாலு தெரு கூடும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். போகிறவர் வருகிறவர் மிதித்துக்கொண்டு போனால் நோயும் அவர்கள் காலோடு போய்விடும் என்பது நம்பிக்கை. மிதிக்கிறவன் கதி என்ன என்று கேட்கக் கூடாது. அவனும் ஒருநாள் கொட்டுவான், அன்றைக்கு நாம் மிதிப்போம்.

மற்ற ஊர்களில் சக்கை வெறும் சக்கை. எங்கள் ஊரிலோ வயலில் விளைவதே மருந்துதான். தாவோ ஆற்றங்கரை மண்ணில் தாங்குவே வேர் விளைவதுபோல் வேறெங்கும் விளையாது என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம், கேட்காதவர்களிடமும் சொல்வோம். குளிர் தொடங்கும் முன் தோண்டி, விறகுப் புகையில் உலர்த்தி, தலை வேறு, உடல் வேறு, வால் வேறு என்று பிரித்து மூட்டை கட்டுவார்கள். பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் வாசனைக்கு அடுத்துத் தெரிந்த வாசனை அதுதான். ஆகவே சக்கையைப் பார்த்து இன்ன வீட்டில் இன்னாருக்கு இன்ன வியாதி என்று சொல்ல இங்கே டாக்டர் வேண்டியதில்லை. செய்தித்தாள் மாகாணத் தலைநகர் லான்சோவிலிருந்து ஆறிப்போய் வரும். சக்கை சூடாக வரும்.

அந்தச் சூடான செய்தியை முதலில் படிப்பவள் ஹோவ் அக்கா. நாற்சந்தியின் மூலையில் அவள் வீடு. வாசலில் குட்டை முக்காலி போட்டு, இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பகல் முழுக்க வேர் தரம் பிரிப்பாள். கை வேரைப் பிரிக்கும், வாய் குடும்பங்களைப் பிரிக்கும். சேர்த்தும் வைப்பாள், அதையும் சொல்லவேண்டும். இரண்டு தெருவுக்கும் கல்யாணத் தரகு அவள்தான். ஜோடி கூடிவிட்டால் ஒரு பன்றிக்கால் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது ஊர் வழக்கம்.

அந்த வருஷம் அவள் கண் வைத்திருந்த பன்றிக்கால் தலைவர் ஜிங்குடையது.

ஜிங் வேய்தோங் எங்கள் ஊர் தானிய நிலையத்தின் தலைவராக இருந்தவர். கூப்பன் காலத்தில் எந்த வீட்டுக்கு எவ்வளவு மாவு என்பது அவர் கையில் இருந்தது. கூப்பன் ஒழிந்தது, நிலையம் பூட்டப்பட்டது, அவரும் ஓய்வு பெற்றார். ஆனால் முதுகு மட்டும் இன்னும் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தது. எல்லோரும் அவரை இன்னும் 'தலைவரே' என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. மகள் லான்சோவில். பெரிய வீட்டில் அவரும் ஒரு வானொலிப் பெட்டியும்தான். வானொலி அணைந்தால் வீடு சுடுகாடு மாதிரி ஆகிவிடும், அதனால் அதை அணைக்கவே மாட்டார்.

பக்கத்துத் தெருவில் துவான் என்பவள் மாந்தோ கடை வைத்திருந்தாள். மாந்தோ என்றால் ஆவியில் வேகவைத்த வெள்ளை மாவு உருண்டைகள், தொட்டுக்கொள்ள ஊறுகாய், குடிக்கக் கறுப்பாகக் கொதித்த டீ. வேறொன்றும் கிடையாது. அவளும் தனிக்கட்டைதான், ஒரே பிள்ளை வெளியூரில். புருஷன் லாரி ஓட்டினவன், மலைப்பாதையில் விபத்தில் போய்விட்டான். அவன் சாவுக்கு அழ தியன்ஷுய் நகரத்திலிருந்து இன்னொருத்தியும் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கியபோதுதான் அவன் எதனால் அடிக்கடி அங்கே சரக்கு ஏற்றப் போனான் என்பது துவானுக்குத் தெரிந்தது. அன்று அவள் அழுகையை நடுவில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

ஹோவ் அக்கா வந்து பேச்செடுத்தபோது துவான் மாவு பிசைந்துகொண்டே ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"குடிச்சாலும் பரவாயில்ல, குறட்டை விட்டாலும் பரவாயில்ல. என்கிட்ட ஒளிச்சு வைக்கக் கூடாது. ஒரு தடவ பட்டாச்சு."

"தலைவரா? அவருக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? வானொலிப் பொட்டியத்தான் ஒளிக்கணும்" என்றாள் ஹோவ் அக்கா.

முதல் பனி விழுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வரவழைத்து ஒன்றாகச் சாப்பிடுவது, அதோடு கல்யாணக் காரியம் முடிந்தது என்று பேசியாயிற்று. தலைவர் ஜிங் வெளியே அலட்சியமாகத் தலையாட்டினார். உள்ளுக்குள் அவர் இருபது வயதுப் பையனாகிவிட்டார். காலையில் துவான் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அதைப் பார்ப்பதற்காக அவர் காலையில் கடைக்குப் போனார். மத்தியானம் அது இருக்கிறதா, துடைத்துவிட்டாளா என்று பார்க்கப் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் போனார். போனால் சாப்பிடவேண்டும். கடையில் இருப்பது மாந்தோ. வேளைக்கு மூன்று, சில சமயம் நான்கு. அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிடறீங்க. சாப்பிடற ஆம்பளையப் பாத்தாலே ஒரு திருப்தி" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஐந்து.

கோடை முழுக்க இப்படிப் போயிற்று. ஊருக்கே மாவு அளந்து போட்டவரின் வயிற்றில் மாவு அடைத்துக்கொண்டது.

எத்தனையோ பார்த்துவிட்டார். தேன் குடித்தார், எள்ளெண்ணெய் குடித்தார், விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடினார். தெருக்கோடிப் பொதுக் கழிப்பறையில் அவர் உள்ளே போன பிறகு வந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துவிட்டு, "என்ன தலைவரே, இன்னும் கூட்டம் முடியலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் மருந்துச் சாலைக்குப் போனார்.

அங்கே அவர் எதிர்பார்த்தது பழைய தாடிக்கார வைத்தியரை. நாற்காலியில் இருந்தது டாக்டர் மீ. கல்லூரி முடித்து வந்த பெண், அவர் மகளைவிடச் சின்னவள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"என் நண்பருக்கு" என்றார் தலைவர் ஜிங்.

"அவர் வரலையா?"

"கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"என்ன பண்ணுது அவருக்கு?"

தலைவர் ஜிங் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் தன் உத்தியோக பாஷைக்குள் போய் ஒளிந்துகொண்டார். "கிடங்குக்குச் சரக்கு வந்துகிட்டே இருக்கு. வெளிய லாரி கிளம்பல."

டாக்டர் மீ சிரிக்கவில்லை. நல்ல பெண். "சுத்தமாக் கிளம்பலயா?"

"எப்பவாவது. அதுவும் பத்து பேர் சேந்து தள்ளின மாதிரி."

"நாக்க நீட்டுங்க."

"நண்பருக்குன்னு சொன்னேனே."

"நண்பர் நாக்கு எப்படி இருக்கும்னு ஒரு உத்தேசத்துக்கு."

நீட்டினார். நாடியும் பார்த்தாள், அதுவும் உத்தேசத்துக்கு. பிறகு நண்பர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.

"மாந்தோ."

"மத்தியானம்?"

"மாந்தோ. ஊறுகாயோட."

"ராத்திரி?"

தலைவர் ஜிங் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல அந்த மாந்தோவை நிறுத்தச் சொல்லுங்க. கஞ்சி, கீரை, பேரிக்காய். மருந்தில்லாமலே பாதி சரியாயிடும்."

"அது மட்டும் முடியாது."

"ஏன்?"

"நண்பர் ஒத்துக்க மாட்டார். நீங்க நல்லா உறைப்பா ஒரு பேதி மருந்து குடுத்துடுங்க, ஒரேயடியா."

"எளவட்டத்துக்குக் குடுக்கலாம். இந்த வயசுல குடலே வறண்டு கிடக்கு. வத்தின ஆத்துல படகு தட்டி நிக்குது, சாட்டைய எடுத்துப் படகை அடிச்சா நகருமா? தண்ணி விடணும்." சொல்லிக்கொண்டே எழுதினாள். தாங்குவே நிறைய. அதிலுள்ள எண்ணெய்ப் பசை குடலை நனைக்கும், ரத்தமும் ஊறும். பாலைவன மணலில் முளைக்கும் தடித்த தண்டு கொஞ்சம், அடிவயிற்றுக்குச் சூடு கொடுக்க. மாட்டுமுட்டி வேர் கொஞ்சம், எல்லாவற்றையும் கீழ்நோக்கி இழுக்க.

தலைவர் ஜிங் எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "தாங்குவேயா? அது பொம்பளைங்க மருந்தாச்சே. மாசவிலக்குக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் ஆட்டுக்கறியோட போட்டுக் குடுக்கறது."

"வேருக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? ரத்தம் எங்க வறண்டிருக்கோ அங்க போகும்."

எழுந்தவர் கதவருகே போய்த் திரும்பி வந்தார். "இது யாருக்கும் தெரிய வேணாம்."

"இங்க வர்றவங்க விஷயத்த நான் வெளிய பேசறதில்ல. யார் கேட்டாலும் உங்க நண்பருக்குன்னுதான் சொல்லுவேன்" என்றாள் டாக்டர் மீ. சொன்ன வாக்கை அப்படியே காப்பாற்றவும் செய்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் பொட்டலத்தைக் காய்ச்சிக் குடித்துவிட்டுச் சக்கையைக் கொல்லைக் குப்பையில் போட்டார். லாரி அசையவில்லை. எப்படி அசையும்! காலை மாந்தோவும் மத்தியான மாந்தோவும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தால் எந்த மருந்துதான் என்ன செய்யும்? ஆனால் அவர் அந்தப் பக்கம் யோசிக்க விரும்பவில்லை. நாற்சந்தியில் கொட்டாததுதான் குறையோ என்று யோசித்தார். மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இதே சக்கை கொட்டும் வழக்கத்தை மேசையில் தட்டித் திட்டியவர் அவர். வயிறு அடைத்துக்கொண்டால் கொள்கை கொஞ்சம் இளகத்தான் செய்யும். மண் பாதைக்கு இலை தழை உரம்தானே, இதில் மூடநம்பிக்கை என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு, மதியத் தூக்க நேரத்தில் ஊரே கதவைச் சாத்தியிருந்தபோது மருந்துச் சட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். ஒரு குருவிகூடப் பார்க்கவில்லை.

சட்டியின் மூக்கிலிருந்து பழுப்புச் சொட்டு வழியெல்லாம் விழுந்து, நாற்சந்தியிலிருந்து அவர் வீட்டு வாசற்படிவரை கோடு போட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், காம்பை வெளியே நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

ஹோவ் அக்கா தூங்கி எழுந்து வந்தாள். சக்கையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். கோடு முடிகிற கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குந்தினாள். கூட இருந்த இரண்டு பெண்களும் வந்து குந்தினார்கள்.

"தாங்குவே" என்றாள் ஹோவ் அக்கா. "வால் இல்ல. நல்ல உடல் பகுதி. ரத்தம் ஊறறதுக்கு."

"அந்த வீட்டுல யாருக்கு ரத்தம் ஊறணும்? பொம்பளையே இல்லையே" என்றாள் முதல் பெண்.

குச்சி இன்னும் கொஞ்சம் கிளறியது. "இது மாட்டுமுட்டி வேர். நின்னுபோன மாசவிலக்க எறக்கிவிடும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாமவள் கசாப்புக்காரர் பெண்டாட்டி. அவள் ஒரு தடித்த துண்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பாலைவனத் தண்டு. ஆம்பளைங்களுக்குத் தெம்புக்கு. எங்க வீட்டுக்காரருக்கு வாங்கிக் குடுத்துப் பாத்தேன். காசு தண்டம்."

"ஆக அவளுக்கும் மருந்து, இவருக்கும் மருந்து. ரெண்டையும் ஒரே சட்டியிலயா காய்ச்சுவாங்க?" என்றாள் முதல் பெண்.

"சிக்கனம்" என்றாள் கசாப்புக்காரர் பெண்டாட்டி. "தானிய நிலையத்துல இருந்தவராச்சே."

ஹோவ் அக்கா சிரிக்கவில்லை. அவள் கண்ணெதிரே ஒரு பன்றிக்கால் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் நியாயமானவள், அரைகுறையாக எதையும் நம்பமாட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அன்று மாலையே டாக்டர் மீயிடம் போனாள்.

"நம்ம தலைவருக்கு ஒடம்புக்கு என்னம்மா? மருந்து வாங்கிட்டுப் போனாராமே."

"அது அவருக்கு இல்ல. அவரோட நண்பருக்கு."

"நண்பரா? நாங்க யாரும் பாத்ததில்லையே."

"வெளிய வர மாட்டாராம். கூச்ச சுபாவம்னார்."

முழங்காலைக் காட்டாமலே ஹோவ் அக்கா எழுந்து வந்துவிட்டாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? விளக்கு வைப்பதற்குள் தலைவர் ஜிங் வீட்டுக்குள் ஒரு பெண் இருந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருந்தது. மத்தியானம் அவளுக்குச் சுருட்டை முடி முளைத்தது. சாயங்காலம் அவள் பாட்டுப் பாடியதைச் சுவரோரம் நின்று கேட்டவர்களே இரண்டு பேர் கிடைத்தார்கள். வானொலி பாடியிருக்கும். அதை யார் யோசிக்கப் போகிறார்கள்?

அதற்கு அடுத்த நாள் காலை தலைவர் ஜிங் கடைக்குப் போனபோது அவர் வழக்கமாக உட்காரும் முக்காலி மேசைமேல் தலைகீழாகக் கிடந்தது. துவான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாந்தோ தீந்துடுச்சு."

"அடுக்கடுக்கா ஆவி பறக்குதே."

"அதெல்லாம் சொல்லிவச்சவங்களுக்கு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வெளியே வந்தால் ஹோவ் அக்கா எதிரே நின்றாள்.

"சாப்பாடெல்லாம் வேணாம்னு துவான் சொல்லிட்டா, தலைவரே. பிள்ளைங்களுக்கும் சொல்லிடுங்க, டிக்கெட் எடுத்துடப் போறாங்க."

"ஏன்? நான் என்ன பண்ணினேன்?"

"உங்க நண்பரக் கேளுங்க. ஒழுகாத மூக்கு வச்ச மருந்துச் சட்டியா வாங்கச் சொல்லி அவங்ககிட்டச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வாசற்படியில் பார்த்த பழுப்புக் கோடும், சுவருக்கு வெளியே 'சுருட்டை முடிக்காரி' என்று கேட்ட பேச்சும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் விளங்கியது.  உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் எந்த உண்மை? மலம் கழியவில்லை என்று ஒரு தலைவர் எப்படிச் சொல்வது? சரி, மானத்தை விட்டுச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எதனால் என்று துவான் கேட்பாளே. உன் மாந்தோவால்தான் என்று சொல்வதா? பதினைந்து வருஷமாக அவள் பிழைப்பு அது. புருஷன் போன பிறகு பிள்ளையைப் படிக்கவைத்தது அது. அதைப் போய்க் குற்றம் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு அவள் முன் நிற்பது? சொல்லாவிட்டால் சுருட்டை முடிக்காரியோடு மிச்ச வாழ்நாளைக் கழிக்கவேண்டும். அவளோ இல்லவே இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை.

இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பது வயிற்றடைப்பைவிட மோசமாக இருந்தது. வானொலியைக்கூட அணைத்துவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவரைப்போல நேராகக் கடைக்கு நடந்தார்.

கடையில் கூட்டம். ஹோவ் அக்காவும் கசாப்புக்காரர் பெண்டாட்டியும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லா வாயும் ஒரே சமயத்தில் மென்று முடித்தது.

"துவானம்மா, உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை."

"தனியா வேணாம்" என்றாள் துவான். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தனியாக் கேட்டது போதும். செத்துப்போன அந்த மனுஷன் இருவது வருஷம் தனியாத்தான் சொன்னான். சொல்றதுன்னா எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

தலைவர் ஜிங் தொப்பியைக் கழற்றினார். பழைய பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். "இந்தத் தெருவுல நிலவற சில தவறான கருத்துகளப் பத்தி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாஷை இனி உதவாது என்று அவருக்கே தெரிந்தது.

"எங்க வீட்டுல பொம்பள யாரும் இல்ல" என்றார். "மருந்து எனக்குத்தான். எனக்கு வெளிக்குப் போகல."



"எப்ப இருந்து?" என்றாள் ஹோவ் அக்கா.

"கோடையில இருந்து."

"பொய்" என்றாள் கசாப்புக்காரர் பெண்டாட்டி. "யாராவது கேட்டிருக்கீங்களா? நான் தாங்குவே மேலயே பொறந்து வளந்தவ. ஆம்பளை வயித்துக்குத் தாங்குவேயா? அப்படியே ஒரு கதைய எடுத்து விடறாரு."

"கதை சொல்றவன் இதையா சொல்லுவான்?" என்றார் தலைவர் ஜிங். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. "பொய் சொல்றதுன்னா நான் நெஞ்சு வலின்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

இந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஹோவ் அக்காவே ஒரு கணம் யோசித்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் மீ மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மாந்தோ வாங்க உள்ளே வந்தாள். ஹோவ் அக்கா அவள் கையைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. தாங்குவே ஆம்பளைக்குக் குடுக்கிறது உண்டா?"

"வயசானவங்களுக்குக் குடல் வறண்டா குடுப்போம். அதுல நெய்ப்பு இருக்கு. தண்டும் அதுக்குத்தான், மாட்டுமுட்டி வேரும் அதுக்குத்தான்." சொல்லிவிட்டு டாக்டர் மீ தலைவரைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. "உங்க நண்பருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அந்த நண்பர் நான்தாம்மா."

"தெரியும். நாக்க நீட்டினது நீங்கதானே."

கடையே ஒரு பெருமூச்சு விட்டது. சுருட்டை முடிக்காரி அந்தக் கணமே செத்துப்போனாள். அவளுக்காக வருத்தப்பட்டவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். ஹோவ் அக்கா தன் பன்றிக்கால் திரும்பி நடந்து வருவதைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.  தப்பித்தோம், பாதி மானம் போனாலும் தப்பித்தோம் என்று தலைவர் ஜிங் தொப்பியைத் தலையில் வைக்கப் போனார்.

டாக்டர் மீ மாந்தோவுக்குக் கையை நீட்டியபடியே கேட்டாள். "நான் சொன்னத நிறுத்திட்டீங்களா? நிறுத்தலேன்னா எத்தன பொட்டலம் குடிச்சாலும் வீண்."

"நிறுத்தறேன், நிறுத்தறேன்" என்று தலைவர் ஜிங் கண்ணைக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார். இருமினார். படித்த பெண்களுக்கு இதெல்லாம் புரிவதில்லை.

"எத நிறுத்தணும்?" என்றாள் துவான்.

"மாந்தோ. மூணு வேளையும் அதையே சாப்பிட்டா வேற என்ன ஆகும்?"

சொன்ன பிறகுதான் டாக்டர் மீக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். 

துவான் மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி வெளியே வந்தாள். "என் மாந்தோவாலயா?"

தலைவர் ஜிங் தரையைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷமா விக்கிறேன். ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல."

"மாந்தோ மேல குத்தமே இல்ல, துவானம்மா. ஒருத்தரும் என்ன மாதிரித் தின்னதில்ல."

"டாக்டர் நிறுத்தச் சொன்னப்புறமும் வந்து தின்னீங்களே. முந்தாநாளுக்கு முந்தின நாள்கூட அஞ்சு. நான்தானே வச்சேன்."

"ஆமா."

"வயித்த அடைக்குதுன்னு தெரிஞ்சே தின்னீங்களா? யாருக்காவது இது சரியாப் படுதா? ஏன்?"

இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட மனிதருக்கு இதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். அதுவும் மாவு என்று நினைத்தார்போல.

"கடைக்கு வந்துட்டுச் சும்மா உக்கார முடியுமா?" என்றார் கடைசியில்.

"டீ குடிச்சுட்டுப் போயிருக்கலாமே."

"டீ சீக்கிரம் தீந்துடுது."

 ஹோவ் அக்கா, இருபது வருஷமாக ஜோடி சேர்க்கிறவள், எத்தனையோ பசப்பு வார்த்தைகளை இரண்டு பக்கமும் சுமந்து போனவள், வாயைத் திறந்து அப்படியே வைத்திருந்தாள். கசாப்புக்காரர் பெண்டாட்டி தன் வீட்டுக்காரரை நினைத்தாளோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துவான் முகம் ஒரு மாதிரி கோணியது. புருஷன் சாவில் பாதியில் நிறுத்திய அழுகையின் மிச்சம் அங்கே எங்கோ இருந்திருக்கவேண்டும். அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி மூடியைத் திறந்து முகத்தை ஆவிக்குள் கொடுத்தாள். எழும்பிய ஆவியில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தபோது அவள் குரல் பழையபடி கறாராக இருந்தது.

"இனிமே இந்தக் கடையில உங்களுக்கு மாந்தோ கிடையாது."

"துவானம்மா..."

"ஒண்ணுகூடக் கிடையாது. இங்க யாராவது இவருக்குப் பாதி பிட்டுக் குடுத்தாலும் அவங்களுக்கும் கிடையாது." அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். "ஹோவ் அக்கா, பிள்ளைங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க."

தலைவர் ஜிங்குக்குப் புரியவில்லை. தொப்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கடையே போன பிறகு எதற்கு டிக்கெட் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

துவான் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஊருக்கே தலைவராக இருந்தவருக்கு ஒன்றொன்றையும் உடைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

"சாயங்காலம் கடைய மூடிட்டு நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றாள். "வாங்க. அங்க ஒண்ணும் தின்னாம சும்மா உக்காரலாம்."